'பயோகிராஃப் பெண்': பெயர் கிடைத்த பிறகு நடந்தவை

முன்குறிப்பு

இந்த ஆய்வில் அம்மா, கணவர்கள், கூடக் குடியிருந்தவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தரவில்லை. 'பயோகிராஃப் பெண்' என்று ஜனங்கள் அழைத்த அமெரிக்க மௌனப்பட நடிகையின் பெயரையும் கொஞ்சம் தள்ளித்தான் சொல்லப்போகிறேன். அவருடைய கம்பெனி அதைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்த மாதத்தில்தான் இங்கும் வரும். அதுவரை கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்த நிலையிலிருந்து தொடங்கினால்தான் பின்னால் எடுக்கப்பட்ட முடிவுகள் புரியும்.

பின்னணி

1886 ஜனவரியில், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஹாமில்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா குதிரை வண்டி கட்டும் தொழில் செய்தவர். அம்மா நாடகக்காரர். வெறும் நடிகை அல்ல, சொந்தக் குழுவை நடத்தியவர். மகள் மூன்று, நான்கு வயதிலேயே மேடையேறிவிட்டாள். குழந்தையின் தனித்திறமை விசில் அடிப்பது. 'அதிசயக் குழந்தை' என்று நாடக நோட்டீசில் போட்டார்கள்.

அம்மா மேடைக்காக வைத்துக்கொண்ட குடும்பப் பெயரையே மகளும் வைத்துக்கொண்டாள். ஆக, பின்னால் உலகம் தெரிந்துகொண்ட அந்தப் பெயரில் பாதி நாடகக் கம்பெனியிலிருந்து வந்தது, அப்பா வீட்டிலிருந்து அல்ல. 1898-இல் அப்பா இறந்தார். குடும்பம் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் குடியேறியது. அதற்குப் பிறகும் ஊர் ஊராகப் பெட்டி தூக்கும் வாழ்க்கைதான்.

1906 வாக்கில் அம்மாவும் மகளும் நியூயார்க் வந்து நாடக வாய்ப்புகளுக்காக அலைந்தார்கள். அந்த டிசம்பரில் எடிசன் கம்பெனி, எல்லைப்புற வீரர் டேனியல் பூனைப் பற்றி ஒரு படம் எடுத்தது. மகளுக்குக் குதிரை ஓட்டத் தெரியும். அந்த ஒரு தகுதியால் இருவருக்குமே வேடம் கிடைத்தது. நாளுக்கு ஐந்து டாலர், இரண்டு வாரம், உறைய வைக்கும் குளிரில் வெளிப்புறப் படப்பிடிப்பு.

அப்புறம் வைட்டாகிராஃப் கம்பெனி. அங்கே வாரம் 20 டாலர். அந்தச் சம்பளத்துக்கு நடித்தால் மட்டும் போதாது, உடைகளும் தைக்க வேண்டும். காலையில் ஊசி நூல், மதியம் கேமரா என்பதை அன்று யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. நாடகத்தில் சுவர் துடைத்து, திரை தூக்கி வளர்ந்தவர்களுக்கு அது பழகிய ஏற்பாடு. இடையில் ஒரு நாடகச் சுற்றுப்பயணம் போய் வந்தார். இனி நாடோடிப் பிழைப்பு வேண்டாம் என்ற தீர்மானத்தோடு சினிமாவுக்கே திரும்பினார்.

1908–1909: கவனித்தவை

1908 கோடையில் பயோகிராஃப் கம்பெனியில் டி. டபிள்யூ. கிரிஃபித் புதிதாக இயக்குநர் ஆகியிருந்தார். குதிரை ஓட்டத் தெரிந்த இளம் நடிகை ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். வாரம் 25 டாலர் பேசி இவரை எடுத்துக்கொண்டார். வைட்டாகிராஃபைவிட ஐந்து டாலர் கூடுதல், தையல் வேலை கிடையாது. நியூயார்க்கில் கிழக்கு 14-ஆவது தெரு, 11-ஆம் எண் வீடுதான் ஸ்டூடியோ. ஒரு காலத்தில் யாரோ வசதியானவர்கள் குடியிருந்த செங்கல் நிறக் கல்வீடு.

அந்த ஆண்டு கிரிஃபித் எடுத்த ஏறத்தாழ 60 படங்களில் பெரும்பாலானவற்றில் இவர் இருக்கிறார். ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி கேத்தரினாவாகச் சாமான்களை வீசியெறிந்தார். 'ஜோன்ஸ் தம்பதி' என்ற நகைச்சுவை வரிசையில் மனைவியாக வந்தார். அழுகை, அடிதடி, குதிரைச் சவாரி எதையும் விட்டு வைக்கவில்லை. அந்தப் படங்களை இன்று பார்த்தால் ஒன்று உடனே தெரியும்: அவர் முகம் எப்போதும் வேலையில் இருக்கிறது. மற்றவர்கள் கையை ஆட்டி நாடகம் போடும்போது இவர் அடுத்த அசைவுக்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கிறார்.

இன்னொன்றும் தெரியும். அறைக்காட்சிகளின் சுவரில், நடிகர்களின் தலைக்குப் பின்னால், வட்டத்துக்குள் 'ஏ.பி.' என்ற இரண்டு எழுத்து ஆணியடித்து மாட்டியிருக்கும். அமெரிக்கன் பயோகிராஃப் என்பதன் சுருக்கம். அடுத்தவன் பிரதியெடுத்துத் தன் படம் என்று விற்றுவிடக் கூடாது என்பதற்காகக் கம்பெனி செய்த ஏற்பாடு. காட்சி ஏழை வீட்டில் நடந்தாலும் சரி, பணக்கார வீட்டில் நடந்தாலும் சரி, சுவரில் கம்பெனியின் கையெழுத்து உண்டு. நடிகர்களின் பெயர் திரையில் எங்கும் கிடையாது.

ஏன் கிடையாது? படம் அன்று அடிக்கணக்கில் விலைபோன சரக்கு. யார் நடித்தாலும் ஓர் அடிக்கு ஒரே விலை. பெயரைப் போட்டால் ஆளுக்கு மதிப்பு வரும், மதிப்பு வந்தால் சம்பளம் கேட்பார்கள். நடிகர்கள் தரப்பிலும் பலர் இதை எதிர்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நாடகத்தில் பெயர் வாங்க நினைத்தவர்கள், ஐந்து சென்ட் கொட்டகைப் படத்தில் தலைகாட்டியதை வெளியே சொல்லவே கூச்சப்பட்டார்கள்.

ஆனால் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 'அந்தப் பெண் யார்?' என்று கம்பெனிக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. கம்பெனி பதில் சொல்ல மறுத்தது. பெயர் இல்லாத இடத்தில் ஜனங்களே ஒன்றை வைத்துக்கொண்டார்கள்: 'பயோகிராஃப் பெண்'. கவனித்தால், அதுவும் கம்பெனியின் பெயர்தான்.

முதல் முடிவு: வேறு இடம் தேடியது

1908 ஆகஸ்டில் அவர் சக நடிகர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். கணவருக்கு இயக்குநர் ஆகும் ஆசை. 1909-இல் இருவரும் சேர்ந்து சிகாகோவில் இருந்த எஸ்ஸனே கம்பெனிக்கு 'நாங்கள் வரத் தயார்' என்று எழுதினார்கள்.

கடிதங்கள் குவிவது அவருக்குத் தெரியும், சம்பளம் அதற்கேற்ப ஏறவில்லை என்பதும் தெரியும். அடுத்த கடையில் விலை கேட்டுப் பார்ப்பதில் என்ன தப்பு? தப்பு வேறு இடத்தில் இருந்தது. எஸ்ஸனே அடுத்த கடை அல்ல. 1908 டிசம்பரில் எடிசன் தலைமையில் உருவான காப்புரிமைக் கூட்டணியில் பயோகிராஃப், வைட்டாகிராஃப், எஸ்ஸனே, லூபின் எல்லாமே ஒரே குடைக்குக் கீழ் இருந்தவை. கேமரா, புரொஜெக்டர், பிலிம் சுருள் வரை அந்தக் கூட்டணியின் பிடியில் இருந்தது. எஸ்ஸனே அந்தக் கடிதத்தைப் பற்றி பயோகிராஃபுக்கே சொல்லிவிட்டது. இருவருக்கும் வேலை போனது.

பயோகிராஃப் பெண் என்ற அடையாளம் மட்டும் போகவில்லை. சில மாதங்களில் அந்தப் பட்டத்தை டொரொண்டோவிலிருந்து வந்த இன்னொரு பெண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மேரி பிக்ஃபோர்ட்.

இரண்டாவது முடிவு: இம்ப்

கூட்டணிக்கு வெளியே ஒருவர் இருந்தார். கார்ல் லாயம்லே, சிகாகோவில் கொட்டகை நடத்திப் பட விநியோகத்துக்கு வந்தவர். கூட்டணியோடு சண்டை போட்டுக்கொண்டு 1909-இல் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார். கம்பெனியின் சுருக்கப் பெயர் 'இம்ப்', அதாவது குட்டிச்சாத்தான். சின்னமும் அதுவே. கொட்டகை வாசலில் நின்றவர் என்பதால் ஜனங்கள் என்ன கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள் என்பது அவர் காதில் விழுந்திருந்தது. நல்ல கருவிகளில் கூட்டணியை முந்த முடியாது. கூட்டணி ஒளித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டலாம்.

வேலையிழந்த தம்பதியை அவர் சேர்த்துக்கொண்டார். 1910 தொடக்கத்தில், பயோகிராஃப் பெண் தெருவில் டிராம் வண்டி மோதி இறந்துவிட்டார் என்று ஒரு வதந்தி. மார்ச் மாதம் சினிமா வணிகப் பத்திரிகையில் இம்ப் கம்பெனி விளம்பரம் கொடுத்தது. தலைப்பு: 'ஒரு பொய்யை அம்பலப்படுத்துகிறோம்'. எதிரிகள் பரப்பிய புளுகு இது, அவர் நலமாக இருக்கிறார், இம்ப் படங்களில் நடித்துக்கொண்டிருக்கிறார், அடுத்த படம் வருகிறது, பாருங்கள். வதந்தியைக் கிளப்பியதே விளம்பரம் கொடுத்தவர்கள்தான் என்பது சினிமா வரலாறு எழுதியவர்களில் பெரும்பாலோரின் முடிவு.

சரி, பெயரைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ்.

அதே மாதம் அவரும் உடன் நடித்த கிங் பேகட்டும் செயின்ட் லூயிஸ் நகருக்கு நேரில் போய் ரசிகர்கள் முன் நின்றார்கள். பெரும் கூட்டம் திரண்டது. 'உலகின் முதல் சினிமா நட்சத்திரம்' என்று இன்றுவரை எழுதுவது இதை வைத்துத்தான். கொஞ்சம் மிகைதான். அதே 1910-இல் வைட்டாகிராஃப் தன் ஃப்ளாரன்ஸ் டர்னரையும் பெயர் சொல்லி முன்னிறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு பெயரை வைத்துப் படத்தை விற்கும் முறை ஓர் ஆளின் மேல் இவ்வளவு வெளிப்படையாகப் பரிசோதிக்கப்பட்டது இவர் விஷயத்தில்தான்.

இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விளம்பரத்தை எழுதியது கம்பெனி, பதில் சொன்னது கம்பெனி, பலன் போனதும் கம்பெனியின் அடுத்த படத்துக்கு. பெயருக்கு உரியவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: உயிரோடு இருப்பதாக நேரில் போய் நிற்பது.

மூன்றாவது முடிவு: சொந்தக் கம்பெனி

ஏறத்தாழ 50 படங்களுக்குப் பிறகு, 1910 முடிவதற்குள் தம்பதி இம்பை விட்டு விலகினார்கள். லாயம்லே அந்த இடத்துக்கு பயோகிராஃபிலிருந்து மேரி பிக்ஃபோர்டைக் கூட்டிவந்தார். வாரம் 175 டாலர். பட்டத்தை மாற்ற முடியும் என்று பயோகிராஃப் கற்றுக்கொண்ட பாடத்தை அவரும் கற்றுக்கொண்டார்.

1911 முழுவதும் ஃபிலடெல்ஃபியாவில் லூபின் கம்பெனி. 1912-இல் லாயம்லேயின் ஆதரவோடு தம்பதியே 'விக்டர்' கம்பெனியைத் தொடங்கினார்கள். ஸ்டூடியோ நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீயில். அவருக்கு வாரம் 500 டாலர், இயக்குநரான கணவருக்கு 200. நான்கு ஆண்டுகளில் 25-இலிருந்து 500. நியூ ஜெர்சியில் 50 ஏக்கர் நிலம் வாங்கினார், ரோஜா வளர்த்தார், கார் வாங்கினார்.

அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆய்வுக்கு முக்கியமான சாட்சியம் அதில் இருக்கிறது. வண்டி ஓட்டுவதில் அவருக்குப் பைத்தியம். அன்று திரும்பும்போது கையை வெளியே நீட்டித்தான் காட்ட வேண்டும். 1914 வாக்கில் அவர் தன் காருக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: பொத்தானை அழுத்தினால் பின்பக்கத்தில் ஒரு சிறு கை எழுந்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று காட்டும். பிரேக்கை மிதித்தால் பின்னால் 'நில்' என்ற பலகை மேலே வரும். இன்று ஒவ்வொரு வண்டியிலும் எரியும் இரண்டு விளக்குகளின் முன்னோடிகள் இவை. இரண்டுக்கும் அவர் காப்புரிமை எடுக்கவில்லை. நாடகக்காரரான அம்மா 1917 வாக்கில் மின்சாரத்தில் ஓடும் கண்ணாடித் துடைப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலும் பெரிய வருமானம் வரவில்லை.

இதற்கிடையில் வீட்டில் நிம்மதி குறைந்திருந்தது. 1912 ஆகஸ்டில் கணவரோடு சண்டை, ஓய்வு பெறப்போவதாக அறிவிப்பு, பிறகு சமாதானம். 1913-இல் விக்டர் கம்பெனி யுனிவர்சல் என்ற படக் கம்பெனிக்குள் போய்ச் சேர்ந்தது. யுனிவர்சலின் தலைவர் அதே லாயம்லே. 'விக்டர்' என்ற பெயரை யுனிவர்சல் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டது.

1914: விபத்து

யுனிவர்சலுக்காக எடுத்த படம் ஒன்றில் தீ விபத்துக் காட்சி. செட்டில் மூட்டிய தீ கட்டுக்கு அடங்காமல் போனது. அவருக்குத் தீக்காயம், தலைமுடி கருகியது, விழுந்ததில் முதுகெலும்பு முறிவு. மாதக்கணக்கில் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. வேலைக்குத் திரும்பினார், படம் முடிந்ததும் சரிந்து விழுந்தார்.

மருத்துவச் செலவை ஏற்க யுனிவர்சல் மறுத்துவிட்டது. அந்தக் காட்சியைச் செய்ய வைத்ததற்காக அவர் கணவரைக் குறை சொன்னார். இருவரும் பிரிந்தார்கள்.

விபத்து மட்டும் என்றால் இரண்டு ஆண்டுகளில் மீண்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன். அவர் படுத்திருந்த இரண்டு ஆண்டுகள்தான் பிரச்சினை. ஒரு ரீல் படங்களின் காலம் அப்போது முடிந்தது. முழுநீளப் படங்கள் வந்தன. ஸ்டூடியோக்கள் நியூ ஜெர்சியை விட்டுக் கலிஃபோர்னியாவுக்கு நகர்ந்தன. காப்புரிமைக் கூட்டணி சட்டத்துக்கு எதிரானது என்று 1915-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவருடைய பெயரை ஆயுதமாக்கிய போரே முடிந்துவிட்டது. ஆயுதம் யாருக்குத் தேவை?

1916-இல் யுனிவர்சலுக்காக ஒரு முழுநீளப் படம் நடித்தார். உடம்பு தாங்கவில்லை. நான்கு மாதம் அசைய முடியாமல் கிடந்தார்.

அதன் பின்

1921-இல் ஹாலிவுட்டுக்குப் போனார். 1922-இல் ஒரு நாயகி வேடம் கிடைத்தது, படம் எடுபடவில்லை. அப்புறம் வந்தவை எல்லாம் சில்லறை வேடங்கள். கார் விற்பனையாளரான இரண்டாவது கணவரோடு லாஸ் ஏஞ்சலிஸில் ஒப்பனைப் பொருள் கடை நடத்தினார். 1929-இல் அம்மா இறந்தார். அதே ஆண்டு பங்குச்சந்தை விழுந்தது, சேமிப்பும் அதோடு போனது. திருமணம் முறிந்தது. 1933-இல் மூன்றாவது திருமணம். அந்தக் கணவர் அடிப்பவராக இருந்தார். ஐந்தே மாதத்தில் வெளியே வந்துவிட்டார்.

1936-இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ பழைய நட்சத்திரங்கள் சிலருக்கு வாரம் 75 டாலருக்குச் சிறு வேடங்கள் கொடுக்க முன்வந்தது. ஃப்ளாரன்ஸ் லாரன்ஸும் அதில் ஒருவர். கூட்டத்தில் நிற்பது, வாசலைக் கடப்பது. டைட்டிலில் பெயர் வராது. செயின்ட் லூயிஸில் பக்கத்தில் நின்ற கிங் பேகட்டும் அதே எம்.ஜி.எம். படங்களில் பெயர் போடாத வேடங்களில் வந்துபோனார்.

எலும்பு மஜ்ஜையில் குணப்படுத்த முடியாத நோய் அவருக்கு வந்திருந்தது. வலி தாங்க முடியாத நிலையில் 1938 டிசம்பர் 28 அன்று தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 52. திரைத்துறை உதவி நிதியின் செலவில், ஹாலிவுட் இடுகாட்டில் அடக்கம் நடந்தது. மேலே கல் வைக்கப் பணம் இல்லை.

என்ன மாறியிருக்கலாம்

பின்னாலிருந்து பார்த்துச் சொல்வது எளிது என்பது தெரியும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார். மேரி பிக்ஃபோர்டும் ஒன்டாரியோக்காரர், சிறுவயதிலேயே மேடையேறியவர், அதே பயோகிராஃப், அதே பட்டம், அதே இம்ப். 1916-இல் அவர் வாரம் 10,000 டாலர் ஒப்பந்தம் போட்டார், 1919-இல் யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் பங்குதாரர் ஆனார். அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கு உண்டு, அவர் மேல் செட் எரிந்து விழவில்லை. ஆனால் பிக்ஃபோர்டின் அம்மா ஒவ்வொரு பேரத்திலும் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர், கணக்கில் கறார். ஃப்ளாரன்ஸுக்குப் பேரம் பேசியது பெரும்பாலும் கணவரும் அவருமாகச் சேர்ந்து, இருவருக்கும் சேர்த்து வேலை கேட்டு. ஒருவருடைய மதிப்பை வைத்து இருவருக்கு இடம் பிடிக்கும்போது பேரம் எப்போதும் ஒரு படி இறங்கித்தான் நிற்கும்.

1912 தான் திருப்புமுனை என்று எனக்குப் படுகிறது. அன்று அவர் கையில் சொந்தக் கம்பெனி, உச்ச சம்பளம், ஊரறிந்த பெயர் மூன்றும் இருந்தன. அந்தக் கம்பெனி கைமாறியபோது பங்கையும் பெயரையும் பிடித்து வைக்க வழி தேடியிருந்தால், விபத்துக்குப் பிறகு யுனிவர்சல் வாசலில் வெறும் சம்பளக்காரியாக நின்றிருக்க மாட்டார். காயத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அவரால் தனியாகத் தீர்த்திருக்க முடியாது. அதற்குச் சங்கம் வேண்டும். ஹாலிவுட் நடிகர் சங்கம் 1933-இல்தான் வந்தது. திசைகாட்டும் கைக்குக் காப்புரிமை எடுக்காததையும் இதே பழக்கத்தின் இன்னொரு முகமாகவே பார்க்கிறேன். செய்து முடிப்பதில் இருந்த வேகம், செய்தது தன்னுடையது என்று எழுதி வாங்குவதில் இல்லை. இருபது வயதில் அவர் கற்ற தொழிலில் அப்படி எழுதி வாங்கும் வழக்கமே கிடையாது.

எஞ்சியவை

அவர் நடித்தவை ஏறத்தாழ 300 படங்கள். லூபின் கம்பெனியின் பிலிம் கிடங்கு 1914-இல் வெடித்து எரிந்தது. யுனிவர்சல் தன்னிடம் இருந்த மௌனப் படங்களை 1948-இல் தானே அழித்துவிட்டது. பெயரைச் சொல்லி விற்ற காலத்துப் படங்களில் மிஞ்சியவை கொஞ்சம்தான்.

பயோகிராஃப் படங்கள்தான் நிறையக் கிடைக்கின்றன. பதிப்புரிமைக்காகக் கம்பெனி ஒவ்வொரு படத்தையும் நீளமான காகிதச் சுருளில் அச்சிட்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பதிவு செய்திருந்தது. பிலிம் மக்கியது, காகிதம் மக்கவில்லை. 1950-களில் அந்தச் சுருள்களை ஒவ்வொரு பிரேமாகப் படமெடுத்து மறுபடி பிலிம் ஆக்கினார்கள்.

1991-இல் ஒரு பிரிட்டிஷ் நடிகர், தன் பெயரை வெளியே சொல்லாமல், அவர் கல்லறைக்குக் கல் வைத்தார். 'பயோகிராஃப் பெண், முதல் சினிமா நட்சத்திரம்' என்று பொறித்திருக்கிறது. பிறந்த ஆண்டு 1890 என்று தவறாக இருக்கிறது. காகிதச் சுருளிலிருந்து மீட்ட படங்களில் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறார், கையைப் பிசைகிறார், யாரையோ திரும்பிப் பார்க்கிறார். பின்னால் சுவரில் அந்த இரண்டு எழுத்து தெளிவாகத் தெரிகிறது.